பூஸ்டர் போட்ட எண்ணூறு

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பத்து மணிக்கு மேல் பனிமூட்டம், எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. லாட்ஜுக்கு மதியம் போனால் போதும், அதற்குள் எந்த அறையிலும் கீசர் சாகாமல் இருந்தால். எலக்ட்ரீஷியன் என்று சேர்ந்தவன். இப்போது குழாய், கதவுத் தாழ், குரங்கு விரட்டுவது எல்லாம் நானே.

வண்டியோடு மூன்று மணி நேரம். ஏழு மாதம் முன்பு ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் கொட்டகையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த பழைய எண்ணூறு சிசி கார். பின் சீட்டில் கோழி அடை காத்திருந்தது. இன்றைக்குப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். தரைத் தகடு முழுக்க வெட்டிப் புதிதாக ஒட்டியாயிற்று. வயரிங் புதிது. முகப்பு விளக்குக்குத் தனி ரிலே. என்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது.

சாந்தி வாசலில் வந்து நின்று பார்த்தாள். "ஏனுங்க, இந்த ஏழு மாசத்துல என்ர மூஞ்சிய ஏழு தடவ பாத்திருப்பீங்களா?" எட்டு என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நியாயம்தான்.

அவள் தம்பி குமரேசன் வந்தான். செம்மநத்தத்துக்காரன். அங்கிருந்து இங்கே ஏற்காட்டுக்குச் சொந்த ஜீப்பில் ஆள் ஏற்றுகிறான், பதினேழு வருடமாக. ஜீப்பில் ஒரு கீறல் கிடையாது. இந்த எண்ணூறில் பாதி வேலை அவன் கைதான். இன்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நம்ம ஜீப்பு மாதிரியே இருக்குதுங்க மாமா. பிரேக்குமேல ஏறி நின்னு மிதிக்கோணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பூஸ்டர் போடுவதென்று அப்போதே முடிவு.

அக்டோபர் 8, புதன்

வாரவிடுப்பு. சேலம். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் வெயிலில் நான்கு மணி நேரம். இதே வண்டியின் பிந்தைய மாடலிலிருந்து பிரேக் பூஸ்டர், அதோடு சேர்ந்த, பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற பெரிய மாஸ்டர் சிலிண்டர். இரண்டும் நல்ல நிலை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்: "அது என்னங்க தம்பி, இட்லிச் சட்டியா?"

பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வேலை பெரிது. என்ஜின் ஓடும்போது உறிஞ்சுகிற காற்றின் பலத்தை இது பிரேக்குக்குக் கொடுக்கும். சுண்டு விரல் அழுத்தம் போதும், வண்டி நிற்கும்.

பொருத்தும் இடத்தில் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. நாளை தகடு வெட்ட வேண்டும்.

அக்டோபர் 11, சனி

முடிந்தது! பிரேக் குழாயில் காற்று எடுத்தாயிற்று. குமரேசன் பெடலை மிதிக்க, நான் சக்கரத்தடியில். "மிதி." "மிதிச்சனுங்க." "விடு." "உட்டனுங்க." நாற்பது தடவை இதேதான். எண்ணெய் கண்ணில் தெறித்தது. இரண்டு பேருக்கும் ஏனோ சிரிப்பு. அவன் சவாரிக்குப் போன பிறகு ஏரி வரை தனியாக ஓட்டினேன். பிரேக் வெண்ணெய் மாதிரி.

போனில் பார்த்த வீடியோவில் ஒருவன் சொன்னான், என்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பலம் மிச்சமிருக்கும் என்று. வாசலில் என்ஜினை அணைத்துச் சோதித்தேன். முதல் மிதி சரி. இரண்டாவது பாதி. மூன்றாவது கல். பழைய பிரேக்கைவிட மோசம். பெரிய சிலிண்டர் அல்லவா, கூடுதல் பலம் கேட்கும்.

இந்த மலையில் இறக்கத்தில் எவன் என்ஜினை ஓட விடுகிறான்? நியூட்ரலில் தள்ளி, சாவியை அணைத்து, சும்மா இறங்குவதுதான் எல்லாருக்கும் பழக்கம். பெட்ரோல் மிச்சம். நான் ஓட்டக் கற்றதும் அப்படியே. குமரேசனின் ஜீப்பில் அதனால் ஒன்றும் ஆகாது. அதில் பூஸ்டரே இல்லை, என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே பெடல்.

மீதி வேலை:
– பின் கதவு ரப்பர்
– சீட் கவர் (சேலத்தில் தைத்து ரெடி, எடுத்து வர)
– இன்சூரன்ஸ் நகல்
– குமரேசனிடம் சொல்ல: இறக்கத்தில் சாவியை அணைக்கக் கூடாது
– ஹாரன் கத்துகிறது, இருமுவது போல்

அக்டோபர் 12, ஞாயிறு

காலை நல்ல வெயில். எட்டு மணிக்கு லாட்ஜிலிருந்து போன், ஒன்பதாம் நம்பர் அறைக் குழாயில் ஷாக் அடிக்கிறதாம். ஓடினேன். வயரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது குமரேசன் வந்தான். ஜீப்புக்கு இன்று ஓய்வு, சும்மாதான் இருக்கிறேன், சேலம் போய் சீட் கவரை எடுத்து வரட்டுமா என்றான். வாயில் டெஸ்டர். சாவியை எடுத்து வீசினேன். பிடித்தான். "பாத்துப் போ" என்றேன்.

திரும்ப வயரைப் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து குப்பனூர் வழியில் இறங்கியிருக்கிறான். பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. வலது பக்கம் பாறையில் மோதி நின்றிருக்கிறது. ஓட்டுகிற பக்கம். கீழே இருந்து வந்தவர்கள் கதவை உடைத்து எடுத்தார்கள். பதினோரு மணிக்கு எனக்கு போன்.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் மனைவி மல்லிகா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவனுடைய செருப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றுதான் கிடைத்ததாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

வலது காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு நான்கு விரல் கீழே.

கண் விழித்ததும் சாந்தியிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை: "மிதிச்சேங்க்கா. சத்தியமா மிதிச்சேன். நிக்கல."

அக்டோபர் 16, வியாழன்

போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வண்டி. வலது பக்கம் உள்ளே நசுங்கி, கதவு இல்லை. மற்றபடி அப்படியே. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். சாவியைத் திருப்பினார், முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. பத்தடி ஓட்டி மிதித்தார். நின்றது. மறுபடி ஓட்டினார். நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தார். "பூஸ்டர் யாருங்க போட்டது? கம்பெனில போட்ட மாதிரி இருக்குது." நான்தான் என்றேன்.

ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன். இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

அவர் தாளில் எழுதியது: பிரேக்கில் குறை இல்லை.

எனக்கும் புரியவில்லை. பின்னே ஏன் நிற்கவில்லை?

அக்டோபர் 18, சனி

புரிந்துவிட்டது.

குமரேசனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானாக எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான். "உங்க பெட்ரோல எதுக்கு வீணாக்கறதுன்னு எப்பவும் போல அணைச்சுப்போட்டுத்தான் எறங்குனனுங்க மாமா. ரெண்டு வளைவு நல்லாத்தான் வந்துச்சு. மூணாவதுல பெடலு கல்லாட்டம் நின்னுக்கிச்சு." பிறகு அவனே, "எனக்குத்தான் அப்படித் தோணியிருக்குமோ என்னமோ. இன்ஸ்பெக்டரு பிரேக்கு நல்லா இருக்குதுங்கறாராமே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆரஞ்சில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். இருக்கிற கொட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்து 11ஆம் தேதியைப் படித்தேன். பட்டியலில் ரப்பரையும் நகலையும் ஹாரனையும் கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஆம், அந்தச் சனிக்கிழமை மாலையே மூன்றையும் முடித்துவிட்டேன். ஹாரனுக்கு நேரம் இருந்திருக்கிறது.

பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. நல்ல மனசெல்லாம் காரணம் இல்லை. சாந்தி அறைக்குள் வந்துவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

லாட்ஜ் நிரம்பி வழிகிறது. இரண்டு ஃப்யூஸ், ஒரு அடைத்த கக்கூஸ். வீட்டில் பலகாரம் இல்லை.

டீக்கடையில் நாலு பேர். ஜீப் ஓட்டுகிறவர்கள்தான், அவனோடு வரிசையில் நின்றவர்கள். "பிரேக்கு நல்லா இருந்துச்சாம்ல. அப்பறமெப்படி?" "வேறென்ன, காத்தாலயே ஊத்தியிருப்பான்." "ஞாயித்துக்கெழம பாரு." என்னைப் பார்த்ததும் ஒருவன், "பாவங்க நீங்க. ஏழு மாசம் ஒழச்ச வண்டி" என்றான். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான் கடைக்காரன்.

குமரேசன் குடிக்க மாட்டான். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீ சூடாக இருந்தது. குடித்து முடித்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

ஆஸ்பத்திரியில் அவனை அனுப்பிவிட்டார்கள். வாடகை வேனில் எல்லாரும் செம்மநத்தம் போனோம். வழியெல்லாம் மழை. குப்பனூர் வழி வேண்டாம் என்று மல்லிகா மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு முன்னால் ஜீப் நனைந்துகொண்டு நிற்கிறது. அதைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். உட்கார வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க வண்டிய நாசம் பண்ணிப்போட்டனுங்க மாமா. மன்னிச்சுப்போடுங்க."

"உடு மாப்ள. இரும்புதான" என்றேன்.

எவ்வளவு பெரிய மனுஷன் நான். வழி நெடுக சாந்தி என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். ஏழு மாதத்தில் இல்லாதது.

அக்டோபர் 30, வியாழன்

ஜீப்பை விற்கப் போகிறானாம். குப்பனூர் ஆள் ஒருவர் கேட்டிருக்கிறார். போனில் பேசினேன். ஆள் போட்டு ஓட்டலாமே, செயற்கைக் கால் பொருத்திய பிறகு கையால் பிரேக் பிடிக்கிற மாதிரி நானே மாற்றித் தருகிறேன் என்றேன்.

"அதுக்கில்லீங்க மாமா. பதினேழு வருசமா என்ர காலத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். அதுவே மிதிக்காம ஏமாத்திப்போட்டுது. இனி ஸ்டேரிங்குல கை வெக்க எனக்குத் தகிரியமில்லீங்க. பின்னால பத்துப் பேரு உக்காந்திருப்பாங்க, நம்பி."

இதைவிடவா எனக்கு வாய்ப்பு வேண்டும்? சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நான்கு கோடு இருந்தது.

நவம்பர் 1, சனி

மழை விட்டுவிட்டது. காலையில் ஜீப் போய்விட்டது. மல்லிகா போனில் சாந்தியிடம் சொன்னாள். வண்டி கிளம்பும்போது அவன் காதைப் பொத்திக்கொண்டானாம்.

சாந்தி அழுதுகொண்டே சொன்னாள், "அவன் பொய் சொல்ல மாட்டானுங்க. மிதிச்சேன்னா மிதிச்சிருப்பான். ஆனா இப்ப அவனே மிதிக்கலீங்கறான். யார நம்பறதுன்னே தெரியல."

இந்த நோட்டை எடுத்து 11ஆம் தேதியை விரித்து அவள் முன் வைத்தேன். படித்தாள். புரியவில்லை என்றாள். பூஸ்டர் என்றால் என்ன, என்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். என்றைக்குத் தெரிந்தது என்று கேட்டாள். 18 என்றேன். விரல் விட்டு எண்ணினாள். பதினான்கு நாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லீட்டு ஊட்டுக்கு வாங்க."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். மதியமாகிவிட்டது, செம்மநத்தத்துக்கு அடுத்த வண்டி நாளைக் காலைதான் என்றேன். "அப்ப நாளைக்கு வாங்க" என்றாள். லாட்ஜ் ஸ்டோர் ரூமில் இருக்கிறேன். பழைய மெத்தைகள் நடுவில்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் வண்டியில் போனேன். வேறொருவர் ஜீப். வழியில் பேச்செல்லாம் மிளகு விலையைப் பற்றி.

குமரேசன் கட்டிலில், சுவரில் சாய்ந்து. மல்லிகா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னான். உட்காராமலே சொன்னேன், ஒரே மூச்சில். பூஸ்டர், சாவி, மூன்றாவது மிதி. எனக்கு முதல் நாளே தெரியும் என்பது. எழுதி வைத்தும் சொல்லவில்லை என்பது. ஆஸ்பத்திரியில் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டது. டீக்கடை.

அவன் போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தான்.

"அப்ப என்ர காலு சரியாத்தான் மிதிச்சுதுங்களா?"

"சரியாத்தான் மிதிச்சுது கண்ணு."

"மல்லிகா!" என்று கூப்பிட்டான். அவன் இப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டு மூன்று வாரம் இருக்கும். சோப்புக் கையோடு ஓடி வந்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க. இவளுங் கேக்கட்டும்."

இரண்டாம் முறை சொன்னேன். முதல் முறையைவிடக் கஷ்டம். மல்லிகா கேட்டு முடித்து, "நேத்துக் காத்தால சொல்லியிருந்தா ஜீப்பாவது நின்னிருக்குமுங்களே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. திரும்பத் துவைக்கப் போய்விட்டாள். கல்லில் துணி விழுகிற சத்தம்.

குமரேசன் என்னைத் திட்டவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. இன்று ஒரு முறைகூட மாமா என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு டீக்கடையில வந்து இத அப்படியே சொல்வீங்களா?"

சொல்றேன் என்றேன்.

எத்தனை மணிக்கு என்று கேட்டான்.