பன்னிரண்டு வினாடி

சிங்கப்பூரிலிருந்து உங்கள் பொருள்கள் நேற்று வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் அடங்கிவிட்டன. மூடியைத் திறந்ததும் வில்லுக்குப் பூசும் ரோசின் வாடை வந்தது. உள்ளே இரண்டு பென்சில், ஒரு சீப்பு, அந்த ஸ்டாப் வாட்ச். சாவி கொடுத்துப் பார்த்தேன், ஓடுகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டின்னை அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன், வகுப்பில் அதட்டுகிறேன். அழவில்லை. சடங்கன்று உங்கள் அம்மா என் முதுகைத் தடவி, உங்கள் வீட்டு மலாயில், "நங்கிஸ்லா, நாக். ஜாங்கான் தாஹான்" என்றார். அழு பிள்ளை, அடக்காதே என்கிறார். அடக்குவதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. நீங்கள் இருந்தபோது அதற்குத் துணிச்சல் வரவில்லை.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக மலாக்காவில் நம் காஜா பெராங் தெரு முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சிங்கப்பூர்ப் படக்கம்பெனியில் வயலின் வாசித்தது போதும், இனிப் படத்துக்கு இசை எழுத வேண்டும் என்று நீங்கள் என் தலையைத் தின்றுகொண்டிருந்தீர்கள். லண்டனில் அதற்கென்றே ஒரு மேற்படிப்பு. பட்டம் இல்லாவிட்டாலும் படத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் போதுமாம். தேர்வுக்கு ஒரு காட்சியை வினாடிக் கணக்கோடு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு பெண் துணி காயப்போடுகிறாள். நாற்பத்து நான்காவது வினாடியில் ஒரு சாவுத் தந்தியைப் பிரிக்கிறாள். ஐம்பத்தாறாவது வினாடியில் கையிலிருந்த துணி கீழே விழுகிறது. அதற்கு இசை எழுத வேண்டும்.

அந்தப் பெண்ணாக நடிக்க நான்தான் அகப்பட்டேன். வீட்டு முற்றத்தில் ஒரே ஈரச் சாரோங்கைப் பத்துத் தடவை கொடியில் போட வைத்தீர்கள். அக்கம்பக்கத்தில் தேசியக் கொடி கட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தந்தி இடம் வந்ததும் நான் பஸ் டிக்கெட்டைப் பிரித்து, நெஞ்சில் கை வைத்து, "ஐயோ!" என்று அலறினேன்.

"அலாமா, டீச்சர்! அப்படி இல்ல" என்று வாட்ச்சை நிறுத்தினீர்கள். "தந்தியப் பிரிச்ச ஒடனே யாருக்கும் அழுகை வராது. காது அடைச்சுப் போவும், அவ்வளவுதான். அங்க மியூசிக் இல்ல. கொசோங்கா விடணும்."

"வெறுமையா விட்டா எழுத மறந்துட்டீங்கன்னு நெனப்பாங்க" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன உங்கள் அண்ணன் திரும்பி வரமாட்டார் என்ற செய்தியை வாசலில் நின்று கேட்டவர் நீங்கள். அதை வைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

உங்கள் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். கான்வென்ட்டில் பியானோ படித்தவள் என்ற பெருமையில், சுத்தப் பிரதி எடுத்துத் தபாலில் சேர்க்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். நீங்கள் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். எழுதிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றேன். பன்னிரண்டு வினாடிக்கு ஒரு சுரம்கூட இல்லை. விடை எழுதாமல் விட்டால் மதிப்பெண் கிடையாது என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளிடம் சொல்லி வந்தவள் நான். என் கை சும்மா இருக்கவில்லை. அப்பா முணுமுணுக்கும் முகாரியிலிருந்து நான்கு வரி எடுத்து வயலினுக்கு எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

பதில் வந்தபோதும் நீங்கள் ஊரில் இல்லை. இசையறிவு நன்றாகத் தெரிகிறது, ஆனால் தந்தி பிரிக்கும் இடத்தில் இசை புகுந்து காட்சியைக் கெடுக்கிறது, எங்கே பேசாமல் இருப்பது என்று அறியாதவரைச் சேர்ப்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை அடுப்பில் போட்டேன். நீங்கள் வந்ததும், இடம் இல்லையாம், காரணம் எதுவும் சொல்லவில்லை என்றேன்.

நீங்கள் சொன்னீர்கள்: "அந்தக் கொசோங் எடந்தான், டீச்சர். நீ அப்பவே சொன்னே. நான்தான் கேக்கல." நான் தலையாட்டினேன். நான் உங்களுக்குச் செய்ததில் பெரிய துரோகம் அந்தத் தலையாட்டல்தான். முகாரியை எழுதியது அறியாமை. தலையாட்டியது அப்படி அல்ல.

பிறகு கம்பெனியில் உங்களுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். மலாக்காவில் அது ஓடியபோது முதல் நாளே என்னைக் கூட்டிப்போனீர்கள். கதாநாயகி தலை வாரினாலும் வயலின், கதவைச் சாத்தினாலும் வயலின். இருட்டில் என் பக்கம் குனிந்து, "எங்கயும் கொசோங் இல்ல, பார்த்தியா?" என்றீர்கள். நல்ல மாணவன் நோட்டைக் காட்டுவது போல இருந்தது உங்கள் முகம். நன்றாக இருக்கிறது என்றேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள் என்று தந்தி வந்தபோது நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பிரித்துப் படித்தேன். அடுத்த வீட்டில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை ஏறி இறங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடியே காது அடைத்துப்போனது. முகாரி வரவில்லை, எந்த வயலினும் வரவில்லை. கத்தி எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது.

நீங்கள் எழுதியதுதான் சரி. லண்டனில் இருந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். உங்களுக்கு அது தெரியாமலே போய்விட்டது. தெரியாமல் போகச் செய்தவள் நான்.

உங்கள் கோழிக் கிளறல் தாளை நான் எறியவில்லை. இன்று மாலை அதை எடுத்து மறுபடி சுத்தப் பிரதி எழுதினேன். அந்த இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்து, உங்கள் வாட்ச்சை அமுக்கி, பன்னிரண்டு வினாடி ஓடவிட்டேன். நீங்கள் விட்டபடியே விட்டேன். ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

எனக்கு அந்தப் பன்னிரண்டு வினாடி இன்னும் முடியவில்லை. உங்கள் அம்மா தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். அழுகை வரும்போது வரட்டும். அதுவரை நான் எதையும் போட்டு நிரப்பப் போவதில்லை.