போயா லீவில் குடிதண்ணீர்

ஓகஸ்ட் 6, புதன்

காற்று. காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மாட்டுக்கு வைக்கோல். பாண் ஒரு றாத்தல். இவருடைய மருந்துக் குளிசை இன்னும் மூன்று நாளைக்குக் காணும்.

பின்னேரம் குடிதண்ணி நிலையத்தடியில் இரண்டு தண்ணிக் கானையும் வரிசையில் வைத்துவிட்டு வந்தேன். முன்னுக்கு ஐந்து கான்தான்; விடியத் திறந்தால் வரிசைப்படி நிரப்புவார்கள். நெடுந்தீவில் கான் நின்றால் ஆள் நின்ற மாதிரி. இத்தனை வருடத்தில் யாரும் யாருடைய கானையும் தள்ளி வைத்ததில்லை.

வள்ளத்தில் நிறைய ஆட்கள். தீவுக் காட்டுக் குதிரை பார்க்க வந்தவையாம். வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை; சனி ஞாயிறோடு மூன்று நாள் லீவு.

ஓகஸ்ட் 7, வியாழன்

பால் கறந்து கொடுத்துவிட்டு எட்டரைக்குப் போனால் இரண்டு கானும் வெறுமை! விடுதிக்காரர் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பீப்பாய் கொண்டுவந்து இருந்த தண்ணி முழுக்க நிரப்பிக்கொண்டு போய்விட்டார். தண்ணி திறந்துவிடுகிற குணம் அண்ணையிடம் கேட்டேன்.

"கான் நிண்டது பிள்ளை, நீர் வந்து நிக்கேல்லையே. அவர் நேர வந்து நிண்டு கேட்டவர். வந்த ஆக்களுக்குக் குடிக்கக் குடுக்க வேணுமாம்."

"அண்ணை, எங்கடை இவருக்கு ஒரு கிட்னிதான் வேலை செய்யுது. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். நாளைக்குப் போயா, திறக்க ஏலாது. சனி விடிய வாரும்."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மடச்சி நான்தான், கானை நம்பினேன்.

வீட்டில் பழைய கானின் அடியில் மிச்சம்: எட்டு கிளாஸ் வரும். கடையில் போத்தல் தண்ணியும் இல்லை. "காலமை இறங்கின ஆக்களே முழுக்க வாங்கிப்போட்டினம் அக்கா." எங்கள் கிணறு உவர். கிளினிக்கில் டொக்டர் சொன்னதுதான் காதுக்குள்: இவர் கிணற்றுத் தண்ணி வாயில் வைக்கவே கூடாது.

எனக்குத் தேத்தண்ணி கிணற்றுத் தண்ணியில். இவருக்குச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி, போயா

இவருக்குக் கால் வீங்கின மாதிரி. விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்ததா, இல்லையா? திரும்ப அழுத்தினேன். "என்னப்பா, நெடுக அமத்திறீர்?" என்கிறார். ஒன்றுமில்லை என்றேன்.

ரோட்டில் ஓட்டோ, பாட்டு, சிரிப்பு. கானில் மூன்று கிளாஸ். நாலோ? நாலு தரம் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

மத்தியானம் வாசல் படலையில் ஒரு பெண். என் வயதிருக்கும். முகம் சிவந்து, கையில் வெறும் போத்தல். "வத்துர, வத்துர" என்று போத்தலைக் காட்டினாள். சிங்களத்தில் தண்ணி; அது விளங்காத ஆள் இந்தத் தீவில் இல்லை.

கையை விரித்து, இல்லை என்றேன்.

தலையாட்டிவிட்டு வெயிலுக்குள் நடந்தாள். கிணற்றுத் தண்ணியாவது அள்ளிக் கொடுத்திருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை. உள்ளே போனால் இவருடைய தண்ணியைத் தூக்கிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் மட்டும்தான். தண்ணி கேட்டு வந்தவருக்கு என் வாயால் இல்லை என்று சொன்னது இதுதான் முதல்தரம். வெட்கமாக இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஓகஸ்ட் 9, சனி

விடிய ஐந்துக்கே போய் நின்றேன். கானை மட்டும் வைத்துவிட்டுப் போனவர் ஒருவருமில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் கானின் கைபிடியைப் பிடித்தபடி. ஆளுக்கு ஒரு கான்தானாம். கிடைத்ததே போதும்.

ஓட்டமும் நடையுமாக வந்து முதல் கிளாஸை இவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நேற்று மத்தியானம் படலையிலை ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"யன்னலாலை பார்த்தனான். என்னாலைதானே அந்த மனுசிக்கு இல்லையெண்டனீர்?"

"ஓம். உங்களுக்காகத்தான்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

கதிரையை விட்டு எழும்பினார். கிணற்றடிக்குப் போய் வாளியை உள்ளே விட்டார். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன், கத்தினேன், அழுதேன். கையை மெல்ல எடுத்துவிட்டார். கோபமாகக்கூட எடுக்கவில்லை.

இப்போது பதினொரு மணி. மூன்று செம்பு கிணற்றுத் தண்ணி குடித்துவிட்டார்.