அப்பாவின் இடப்பக்கம்

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதுவது. அப்பா இன்று இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார், நானும் சாப்பிட்டேன், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இனி எழுதுவதைப் போனில் சொல்ல முடியாது, அவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

சம்பா நடவில் பிடித்த எலிக்காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூச்சுவிடத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். குழாய் உறுத்தாமல் இருக்கத் தூக்க மருந்தும் வலி மருந்தும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வலி மருந்தை நிறுத்தினால் மயக்கம் சீக்கிரம் இறங்கிவிடுமாம், அதனால் காலையில் நிறுத்தி எழுப்பிப் பார்ப்பார்கள். சொன்னதைப் புரிந்துகொண்டு கையை அழுத்தினால் குழாயை எடுக்கலாம். அன்று டாக்டர்கள் கூட்டத்தோடு என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். வலப்பக்கம் மெஷின் இரைந்துகொண்டிருந்ததால் நர்ஸ் மோகனப்பிரியா இடப்பக்கம் குனிந்து, "ஐயா, என் கைய அழுத்துங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மேலே பார்த்தபடி குழாயைக் கடித்துத் திமிறினார். மூளையில் ஏதாவது இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் மறுபடியும் மருந்தை ஓட விட்டார். நீ லீவு கேட்டு அலைந்தது அந்த வார்த்தையால்தான்.

அப்பாவுக்கு இடது காது கேட்காது செம்மொழி. கல்யாணத்துக்கு முன்பே திருவிழா வெடியில் போனது. ஊரில் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்று, உன்னிடம்கூடச் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்றுதான் எனக்குப் பெயர், ஆனாலும் அத்தனை டாக்டர்கள் முன்னால் வாய் வரவில்லை. கூச்சமா, சத்தியமா, தெரியவில்லை. குழாய் இன்னொரு நாள் அவர் தொண்டையில் கிடந்தது என்னால்தான். மறுநாள் நர்ஸிடம் மட்டும் சொன்னேன். "இத நேத்தே சொல்லக் கூடாதாம்மா?" என்றாள். அன்றும் மருந்தை நிறுத்தியதும் வலப்பக்கம் போய்க் காதருகே கூப்பிட்டாள். அப்பா அழுத்திய அழுத்தில் கையை உதறிக்கொண்டு, "ஐயா இன்னும் மம்பட்டி புடிப்பாரு" என்றாள். சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். குரல் வந்ததும் அவர் முதலில் கேட்டது, "அவங்ககிட்ட சொல்லிட்டியா?" தலையாட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்ன வயதில் நீ சாப்பிடும்போது அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாய், அவர் பேசாமல் எழுந்துபோய்விடுவார். அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று அழுவாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை.

குறையில்லாமல் நூறு வயது இரு கண்ணு. பொங்கலுக்கு வரும்போது இது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. சாப்பிட உட்காரும்போது மட்டும் அவருக்கு வலப்பக்கம் உட்கார். இத்தனை வருஷமும் நான் உட்கார்ந்த இடம் அது, உனக்கு விட்டுவிடுகிறேன்.

உன் அம்மா,
அனுசுயா