வாளை வேண்டாம் என்ற அபூ கிர்ஷ்

ஜூன் 18, ஞாயிறு

இன்று என் இருபத்துமூன்றாவது வீரன் போய்ச்சேர்ந்தான். எதிரி யாரும் கொல்லவில்லை. நான்தான் அழித்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேம் பணிவாகக் கேட்டது. ஒரு கையால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே மறு கையால் ஆமாம் என்றேன். பெயர்கூட மறந்துவிட்டது. நெருப்பு மந்திரவாதி. புருவம் செதுக்க மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது.

லெவல் பன்னிரண்டு. என் ஆட்கள் எல்லோருக்கும் பன்னிரண்டில்தான் விதி முடிகிறது. அங்கே ஒரு சதுப்பு நிலம் வரும். கடக்க எட்டு மணி நேரம், வழியெல்லாம் தவளை. அதைப் பார்த்ததுமே எனக்கு வேறொரு புருவம் செதுக்கத் தோன்றிவிடும்.

முழு கேமையும் முடிக்க நூற்றிருபது மணி நேரம் போதுமாம். நான் முந்நூறு மணி நேரம் ஆடியாகிவிட்டது. அரண்மனை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது.

ஜூன் 20, செவ்வாய்

ஒரு சின்ன சமூகசேவை செய்தேன். சிலிண்டர் விற்க வரும் கேஸ் வண்டியின் பாட்டை போனில் பதிந்து, மொட்டை மாடியில் ஸ்பீக்கர் வைத்து, மதிய வெயிலில் முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன். தெருவில் ஆறு பேர் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். இல்லாத வண்டியைத் தேடிப் படிக்கட்டுத் தெருவின் கடைசிவரை போனார்கள். எங்கள் ஜபல் ஹுசைன் பகுதியில் இவ்வளவு பேர் ஒன்றாக உடற்பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை.

ஏழாவதாக வந்தவர் அம்மா. அதைத்தான் கணக்குப் போடாமல் விட்டுவிட்டேன்.

"கராத்தேல மஞ்ச பெல்ட்டோட நின்ன. நீச்சல்ல பாதி குளம் நீந்தின, மீதிய நடந்து வந்த. ஜெர்மன்ல வணக்கம் சொல்லத் தெரியும், போயிட்டு வர்றேன் சொல்லத் தெரியாது. இந்தக் குறும்பு ஒண்ணத்தான் முழுசா முடிக்கிற, மிக்தாத்!"

பிறகு தீர்ப்பு. அப்பா தோஹாவிலிருந்து அனுப்பிய கேம் பெட்டியில் இனி ஒரே ஒரு ஆள். அவனை முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்காவிட்டால் பெட்டி பழைய சாமான் விற்கும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும்.

"இவன் மூச்சையே பாதியில விட்டுருவான்மா," என்றாள் தீமா. அக்கா என்று ஒருத்தி வீட்டில் இருந்தால் வேறு எதிரி எதற்கு? அவளே உட்கார்ந்து கேமைக் கடுமையான வகைக்கு மாற்றிவிட்டாள். தப்புச் செய்தால் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி ஆட முடியாது. செத்தால் மட்டும் செத்த இடத்தின் வாசலிலிருந்து மறுபடி தொடங்கலாம். செய்தது செய்ததுதான்.

ஜூன் 21, புதன்

சரி, ஒரே ஆள்தானே? பழிவாங்கும் விதமாகச் செய்தேன். தலையில் முடி இல்லை. மீசை உண்டு. தொப்பை அளவை, அது போகும் கடைசிவரை தள்ளினேன். பெயர் அபூ கிர்ஷ், அதாவது தொப்பைக்குத் தகப்பன். எங்கள் ஊரில் பிள்ளை இல்லாதவரையும் எதற்காவது தகப்பனாக்காமல் விடமாட்டோம்.

முடித்துவிட்டுப் பார்த்தால் அப்படியே சுஹ்தி பெரியப்பா.

அப்பாவின் அண்ணன். பெண் கேட்டுப் போகும் கூட்டம் எதுவானாலும் அவர்தான் தலைமை. பெண் வீட்டார் காபி வைத்தால் கோப்பையைத் தொடமாட்டார். கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மான் நகரில் பாதிக் கல்யாணம் அவர் ஆறவைத்த காபியில் நடந்தது.

ஜூன் 25, ஞாயிறு

லெவல் ஆறு. கொட்டாவி. தொப்பையின் தகப்பன் நடப்பதைவிட வேகமாகக் கேஸ் சிலிண்டர் உருளும்.

ஜூன் 29, வியாழன், பெருநாளுக்கு மறுநாள்

பெரியப்பா வந்திருந்தார். அம்மா மாமூல் தட்டை நீட்டினார், உள்ளே பேரீச்சை வைத்துச் சுட்ட பெருநாள் பலகாரம்.

"வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஒண்ணாவது எடுத்துக்கோங்க, மச்சான்."

"அட, டாக்டர் இனிப்பத் தொடக்கூடாதுன்னுட்டான்."

"அல்லாஹ் மேல ஆணை, எடுத்துத்தான் ஆகணும்!"

"ஆணையெல்லாம் எதுக்கும்மா..." ஏழு மாமூல். நான் எண்ணினேன்.

அப்போதுதான் எனக்குள் விளக்கு எரிந்தது. அபூ கிர்ஷை வெறுமனே ஆட்டினால் சலிக்கிறது. பெரியப்பாவாக வாழவிட்டால்? இரவுக்குள் சட்டம் வகுத்தேன். ஓடமாட்டான், மரியாதைக் குறைவு. சலாம் சொல்லாமல் யாரையும் தாண்டமாட்டான். எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறைதான் வாங்குவான்.

சத்திரக்காரியிடம் சோதித்தேன். சூப் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றான். மறுபடி பேச்சுக் கொடுத்தால் மறுபடி கேட்கிறாள். மூன்றாம் தடவை வாங்கினான். நல்ல குடும்பத்துப் பெண்.

ஜூலை 8, சனி

சதுப்பு நிலத்தைக் கடந்துவிட்டேன். எட்டு மணி நேரம் என்றார்கள், எங்களுக்குப் பதினொன்று. ஒவ்வொரு தவளையையும் நலம் விசாரித்தால் ஆகாதா? உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, குளத்தில் எல்லோரும் சௌக்கியமா? விசாரித்து முடித்த பிறகே அடித்தோம்.

லெவல் பதின்மூன்று. அப்படி ஓர் எண் உண்மையிலேயே இருக்கிறது!

ஜூலை 15, சனி

நடந்தது இதுதான்.

மலை உச்சியில் ஒரு கிழக் காவலன் இருக்கிறான். அவனிடம் விடியல் என்று ஒரு வாள். கடைசியில் வரும் இரும்பு மந்திரியின் கவசம் வேறெதற்கும் பிளக்காது என்று ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார்கள். நாற்பது மணி நேரம் நடந்து மலை ஏறினோம். கிழவன் மண்டியிட்டு வாளை நீட்டினான். திரையில் இரண்டு பதில். 'ஏற்கிறேன்.' 'இதற்கு நான் தகுதியானவன் அல்ல.'

யோசிக்கவே இல்லை. விரல் தானாக இரண்டாவதை அழுத்தியது. முதல் தடவையே வாளைப் பிடுங்க நாம் என்ன பஞ்சத்தில் அடிபட்டவர்களா?

"உன் விருப்பம்," என்றான் கிழவன். வாளோடு கல்லாகிப்போனான்.

நான் காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன். பத்து நிமிஷம். இரண்டாம் தடவை கேட்பான் என்று. கல்லிடம் நான்கு முறை பேச்சுக் கொடுத்தேன். கல், கல்லாகவே இருந்தது.

இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள். துவைத்த துணியோடு மாடிக்குப் போன அம்மா என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னடா ஆச்சு?"

"வாள் குடுத்தாரும்மா. வேண்டாம்னேன்."

"அதுக்கென்ன, மறுபடி கேப்பாரு."

"கேக்கல."

"கேக்கலையா?" அம்மா கூடையைக் கீழே வைத்தார். "ஒரு வார்த்தை வேண்டாம்னா விட்டுருவானா? யாருடா அவன், எந்த வீட்டுல வளந்தவன்?"

தீமா தரையில் புரண்டு சிரித்தாள். எழுந்து போனில் தேடினாள். "வாளில்லாம முடிச்சவன் உலகத்துல ஒருத்தன் இருக்கான்டா. கொரியால. வேல வெட்டி இல்லாதவன் போல."

ஜூலை 16, ஞாயிறு

காலையிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். 'நிச்சயமாக நீக்கவா?' நீக்கினால் பெட்டி போகும். நீக்காவிட்டால் மட்டும்? வாளில்லாமல் எப்படி முடிப்பது? அதுவும் போகத்தான் போகிறது. போகட்டும், தொலையட்டும், எனக்கென்ன—

அபூ கிர்ஷ் திரையில் நின்றுகொண்டிருந்தான். மூச்சு வாங்குகிறது, தொப்பை ஏறி இறங்குகிறது. கையில் ஆட்டிடையன் கொடுத்த தடி. வாள் போன வருத்தம் முகத்தில் இல்லை. செய்தது சரிதான் என்பது போல ஒரு நிற்பு.

இதற்கு முன்னால் இருபத்துமூன்று பேர். எல்லோருக்கும் புருவம் இருந்தது. இவனுக்குத்தான் ஓர் அவமானம் இருக்கிறது. அடுத்து இவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. இப்படி யாரைப் பற்றியும் எனக்குத் தோன்றியதில்லை. தீமா எப்போது கல்யாணமாகிப் போவாள் என்பதைத் தவிர.

நீக்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

அம்மா அரிசி அடைப்பதற்காகச் சுரைப்பிஞ்சு குடைய என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். அடுப்படியில் வெளிச்சம் போதவில்லையாம். மூன்று நாளாகப் போதவில்லை.

இன்று திடீரென்று, "இது உங்க பெரியப்பாதானே?" என்றார்.

நான் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தினேன்.

அம்மா திரையைக் கூர்ந்து பார்த்தார். "மீச இன்னும் கொஞ்சம் கீழ இறங்கணும்."

ஆகஸ்ட் 3, வியாழன்

லெவல் நாற்பத்தொன்று. தடியாலேயே ஒரு ராட்சசனை அடித்தோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. "முட்டி வலிக்கப்போகுது, கொஞ்சம் உக்கார வைடா," என்று அம்மா நடுவில் இரண்டு தடவை சொன்னார். உட்கார வைத்தேன். ராட்சசன் மிதித்துவிட்டான். மறுபடி வாசலிலிருந்து.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஞாயிறு பள்ளி திறக்கிறது.

இரும்பு மந்திரியிடம் நாற்பத்தாறு முறை செத்தோம். அவன் கவசம் பிளக்காது, உண்மைதான். ஆனால் தடியால் ஒரே முட்டியில் விடாமல் தட்டினால் மனுஷன் எவ்வளவு நேரம் நிற்பான்? நாற்பத்தேழாவது முறை உட்கார்ந்துவிட்டான். அம்மா போட்ட குலவையில் மாடி வீட்டுக்காரி, யாருக்கு நிச்சயம் என்று கேட்டு இறங்கி வந்தாள்.

பிறகு அரண்மனை. முந்நூறும் இருநூறும் சேர்த்து ஐந்நூறு மணி நேரத்துக்குப் பிறகு பார்க்கிறேன். பெரிய கட்டடம்தான், புருவம் சுமார். சபை மண்டியிட்டு, கிரீடத்தை அபூ கிர்ஷிடம் நீட்டியது. இரண்டு பதில்.

"வாங்கிக்கடா!" என்று அம்மா கத்தினார். "ரெண்டாந்தடவ கேக்கமாட்டானுங்க, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குமா."

"மாத்திச் சொன்னா அது அவன் இல்லையேம்மா," என்றாள் தீமா. தீமாதான் சொன்னாள்! தேதி போட்டு வைக்கிறேன்.

வேண்டாம் என்றான். கிரீடம் மந்திரியின் அசட்டு மருமகனுக்குப் போனது. அபூ கிர்ஷ் தடியை ஊன்றிக்கொண்டு, ஓடாமல், வழியில் எல்லோருக்கும் சலாம் சொல்லி, சத்திரத்துக்கு நடந்தான். சத்திரக்காரி சூப் வேண்டுமா என்றாள்.

அவ்வளவுதான். முடிந்தது. பெயர்ப் பட்டியல் பதினோரு நிமிஷம் ஓடியது. மூன்று பேரும் கடைசிப் பெயர்வரை எழுந்திருக்கவில்லை. பெட்டி பிழைத்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பெட்டி ஒரு நாள் பிழைத்தது.

மக்லூபா சோறு சாப்பிடப் பெரியப்பா வந்தார். கூட அவர் பேரன் ஜாத், கனடாவில் பிறந்து வளர்ந்தவன், பதின்மூன்று வயது, முறை தெரியாமல் என்னை அண்ணா என்கிறான். நான் பெருமையாக அபூ கிர்ஷைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "யாரு இவரு? நல்ல மரியாதப்பட்ட மனுஷனாத் தெரியுதே." அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

ஜாத் பெட்டியைத் தடவினான். "சூப்பரா இருக்கு அண்ணா. எங்க வீட்ல அம்மா வாங்கித் தரமாட்டேங்குறாங்க."

என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. "எடுத்துக்கோயேன். உனக்குத்தான்."

அதற்குப் பதில் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். உன் கையிலேயே இருக்கட்டும், சொன்னதே போதும். அந்தப் பதிலுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"நெசமாவா? தேங்க்ஸ் அண்ணா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பெரியப்பா ஜாதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். அந்தக் கிழக் காவலனைக் கல்லாக்கியது எது என்று இப்போது தெரிகிறது.

"வயர மறந்துராத," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மா வந்து ஒரு போர்வையை நீட்டினார். "நல்லாச் சுத்திக் குடுடா. முட்டிவலிக்காரன் போறான்."

ஆகஸ்ட் 21, திங்கள்

பள்ளி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 9, சனி

கனடாவிலிருந்து ஜாத் குரல்பதிவு அனுப்பியிருந்தான். "அண்ணா, நான் இதுவரைக்கும் ஒன்பது ஆளு பண்ணிட்டேன். அந்தச் சதுப்பு நிலம் செம போர், அதுக்கு மேல போகவே முடியல. ஆனா உன் ஆள அழிக்கல. தொப்ப ஏறி இறங்குறதப் பாத்துட்டே இருக்கேன். ஒண்ணு கேக்கணும். அறுபதாவது லெவல்ல இருக்காரு, எல்லாம் முடிச்சிருக்காரு, இவரு கையில ஏன் வாளே இல்ல?"

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். "உக்காருடா. அது பெரிய கதை. மலை உச்சியில ஒரு கிழவன் இருந்தான்—"

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார். "மொதல்லேருந்து சொல்லுடா! சூப்ல ஆரம்பி!"