போகப் பதினாலு, வர அஞ்சு

அன்பு மகளுக்கு, விமானத்தில் உட்கார்ந்தபடி அப்பா எழுதுவது.

நான் சுகம். மடக்கியே வைத்திருப்பதால் முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாராம். மறந்துவிடுவார், ஆளைத் தெரியும். அம்மாவின் மூக்குக் கண்ணாடியை நீ கேட்டதாக மாப்பிள்ளை சொன்னார். பெட்டியில் போட மனமில்லை, சட்டைப் பையில் இருக்கிறது.

இரண்டு வருடமாக என்னோடு பேசாத நீ டிக்கெட் அனுப்பினாய். அதிலும் நான் குறைதான் கண்டேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகக் காலம் தள்ளியவன் அல்லவா. சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் ஓட்ட நேரம், அந்தக் கணக்கு எனக்குப் பிசகியதே இல்லை. முன்பு நீ லீவுக்கு வந்த டிக்கெட்டைக் கழித்தபோது அஞ்சு மணி நேரம். என் டிக்கெட்டைக் கழித்தால் பதினாலு. மாப்பிள்ளை சிக்கனம் பார்த்துச் சுற்று வண்டியில் ஏற்றிவிட்டார் என்று தையல்காரரிடம் வாய் கிழியப் பேசிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏறி உட்கார்ந்ததும், நடுவில் எங்கெங்கே நிற்கும் என்று பக்கத்து சீட்டு நர்ஸம்மாவிடம் கேட்டேன். எங்கேயும் நிற்காதுங்க, ஒன்பதரை மணி நேரம் ஒரே ஓட்டம் என்றார். அங்கிருந்து வருவதற்கு என்றேன். அதுவும் ஒன்பதரைதான், தூரம் ஒன்றுதானே என்றார். அங்கே கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதாம். அதனால் டிக்கெட்டில் பார்த்தால் போகும்போது கூடும், வரும்போது குறையும் என்று விரல் வைத்துக் காட்டினார். அவரிடமே ஒரு தாள் வாங்கி இதை எழுதத் தொடங்கினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அம்மா கண்ணை மூடிய அன்று சாயங்காலம் உனக்கு போன் போட்டேன். அஞ்சு மணி நேரம்தானே, விடிவதற்குள் வந்துவிடுவாள் என்று எல்லாரிடமும் நானே சொன்னேன். விடிந்தது, நீ வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். வரணும்னு நினைச்சிருந்தா எப்பவோ வந்திருப்பா என்று சொல்லி அம்மாவை எடுக்கச் சொன்னவன் நான்தான்.

மத்தியானம் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாய். காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, இப்பத்தான் உனக்குப் பொழுது விடிஞ்சுதா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

நீயாவது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். பார், இப்போதும் பழியை உன் தலையில்தான் போடப் பார்க்கிறேன்.

போன் வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி, அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம் என்று இவ்வளவு தூரமும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். வெட்கமாக இருக்கிறதம்மா. இந்தச் சீட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நேரில் என் வாய் இதைச் சொல்லாது, உனக்கே தெரியும். அதனால் உன்னைப் பார்த்ததும் முதலில் இதைக் கையில் கொடுத்துவிடுவேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

பெட்டியைத் தேடி எடுத்து நான் வெளியே வர நேரமாகும். இதை நீ படிக்கிறாய் என்றால், எனக்காகக் காத்திருந்திருக்கிறாய்.

உனக்காகக் காத்திருக்காத,
அப்பா