சர்வே எண்ணுக்கு ஒரு பெட்டி

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. முழங்கால் மாத்திரை தீர்ந்தது.

உழவர் குழுவுக்காக நான் செய்துகொடுத்த இணையதளம், அறுவடை மெஷின் பதிவு செய்ய. ஒன்பது படிவம். ஒவ்வொன்றிலும் விவரம் நிரப்பும் பெட்டிகளைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் திருத்தினால் மற்ற எட்டிலும் திருத்த வேண்டும். இன்றோடு அந்த அவதி முடிந்தது. 'எண் பெட்டி' என்று ஒரே ஒரு காம்போனென்ட். ஒரு தடவை எழுதினால் போதும், எந்தப் படிவத்திலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். தொட்டால் போனில் எண் பலகை மட்டும் வரும். போட்ட இடங்கள்:

கைபேசி எண்
ஏக்கர்
சர்வே எண்

மருமகன் போன். "இதெல்லாம் ரெடிமேடா கெடைக்குது மாமா, எடுத்துப் போட்டுக்குங்க." வேண்டாம் என்றேன். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட். பட்டம் இல்லை என்று ஒரு படி ஏற்றவில்லை. இதையாவது முழுக்க நானே எழுதுகிறேன்.

ஜனவரி 22, வியாழன்

கடல் பக்கம் மேகம். மெஷின் தப்பான வயலில் போய் நின்றது.

குழுவில் இருக்கும் ஏழுமலையின் வயல் சர்வே எண் 112/3B. அவன் அண்ணனுடையது 112/3A. பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஏழுமலை பதிவு செய்தது வெறும் 112. டிரைவர் முதலில் வந்த வயலில் நிறுத்திவிட்டான். அது அண்ணன் வயல், கதிர் இன்னும் பச்சை.

"எம் பயிர பச்சையா அறுக்கச் சொல்லி அனுப்பிச்சியாடா?" என்று அண்ணன் வரப்பில் நின்று கத்தியிருக்கிறார். சண்டை முடிவதற்குள் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. ஏழுமலையின் முறை போனது. அடுத்த முறை திங்கள். அதற்குள் மழை வந்தால் முற்றின கதிர் சாய்ந்துவிடும்.

சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தான். "பி-ன்னு போட வுடல அண்ணாத்த. குறுக்குக் கோடும் இல்ல. பூரா நம்பரா கீது. நான் இன்னா பண்றது?"

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

பிறகு போனில் குழுச் செயலாளர் கலைவாணி. "சார், ஞாயித்துக்கெழம கூட்டத்துல ஒங்க தளத்த நிறுத்திட்டு வேற கம்பெனி ஆப் வாங்கலான்றாங்க. பேசாம பழைய பெட்டியவே போட்டுடுங்களேன்."

"முடியாது."

"நீங்க மாறவே மாட்டீங்களா சார்?"

தப்பு என்னுடையது. இங்கே மட்டும் எழுதுகிறேன். சர்வே எண் என்பது எண் இல்லை. பட்டா நகல் எத்தனை ஆயிரம் டைப் அடித்திருப்பேன், 3A, 3B என்று. எனக்கே தோன்றவில்லை.

ஆனால் ஒரே பெட்டி என்ற யோசனை தப்பில்லை. அதை விடமாட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

மேகம் அப்படியே. தூறல் இல்லை. மாத்திரை வாங்க மறந்தேன்.

பெட்டி ஒன்றுதான். கூப்பிடும்போது என்ன வகை என்று சொல்ல வேண்டும். பெயரா, எழுத்து மட்டும். கைபேசியா, பத்து இலக்கம். ஏக்கரா, புள்ளி உண்டு. சர்வே எண்ணா, இரண்டு கட்டம், நடுவில் கோடு நானே போட்டுவிடுகிறேன், உட்பிரிவில் எழுத்தும் வரும். உட்பிரிவை விட்டால் கீழே சிவப்பில்: "பட்டாவில் கோட்டுக்குப் பிறகு உள்ளதையும் எழுதவும்."

ஒரு இடத்தில் திருத்தினேன். ஒன்பது படிவமும் மாறின. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன்.

ஏழுமலையை வரவழைத்தேன். அவன் போனில் கண்ணாடி விரிசல், விரலில் சேறு. மூன்று தடவை போடச் சொன்னேன். மூன்றும் சரி.

"இத முன்னாடியே செஞ்சிருந்தா எங்கண்ணன் வாயில வுழுந்திருக்க மாட்டேன்." திட்டிக்கொண்டே காபி குடித்தான். திங்களுக்குப் பதிவு செய்துவிட்டுப் போனான்.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். கூட்டம் பள்ளிக்கூட மரத்தடியில். பதினாறு பேர். ஒவ்வொருவரையும் அவரவர் போனில் சர்வே எண்ணைப் போடச் சொன்னேன். ஒருவர் உட்பிரிவை விட்டார், சிவப்பு வந்தது. "அட, கேக்குதுபா" என்றார்.

"மன்னிப்பாவது கேளுங்க சார்," கலைவாணி மெதுவாக. பெட்டி திருத்தப்பட்டுவிட்டது என்றேன். சிரித்துவிட்டாள்.

முடிவு: இந்த அறுப்பு முடியும்வரை என் தளம். திங்களன்று மெஷின் சரியான வயலுக்குப் போனால் அடுத்த பருவத்துக்கும்.

ஜனவரி 26, திங்கள்

மழை இல்லை. எட்டு மணிக்கு மெஷின் 112/3B-யில் இறங்கியது. வரப்பிலிருந்து நானே பார்த்தேன். உச்சிப் பொழுதுக்குள் முடிந்தது. ஏழுமலை நெல் கொட்டத் தார்ப்பாய் விரிக்க ஓடினான்.

மதியம் கலைவாணி: விதை நெல் கேட்டுப் பதிய ஒரு படிவம் வேண்டும், ஒரு வாரத்தில் முடியுமா சார்?

பத்தாவது படிவம். பெயர், கைபேசி, சர்வே எண், ஏக்கர். புதிதாக ஒரு பெட்டியும் எழுதவில்லை. நான்கையும் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம். அனுப்பிவிட்டேன்.

"அதுக்குள்ளவா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

பதில் போடவில்லை. நாளைக்குப் போடலாம்.