உதட்டில் ஒளிர்ந்த பொடி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம், ஒரு தும்மல்கூட இல்லை. உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போனது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் புதியவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். "வைரஸுக்குக் கால் கிடையாது. நம்ம கைதான் அதைக் கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் தூக்கிட்டுப் போகுது. நம்ம செல்லுக்குள்ள நுழைஞ்சிட்டா, அந்தச் செல்லையே தன்னைப் பெருக்குற பட்டறையா ஆக்கிடும்" என்று முழங்கினேன். பிறகு வைரஸுக்குப் பதிலாக, புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு பொடியைக் கையில் பூசிக்கொண்டு, முகத்தைத் தொடாமல் வேலை செய்ய எல்லோரும் பயிற்சி செய்தோம்.

விளக்கைப் போட்டதும் அவர்கள் முகமெல்லாம் சுத்தம். என் உதடு மட்டும் பளபளத்தது.

"என்ன சார், லிப்ஸ்டிக்கா?" என்றார் புதிதாகச் சேர்ந்த துப்புரவு அக்கா. ஒரே சிரிப்பு.

"மறந்துபோய் வாயைத் துடைச்சிட்டேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். ஆனால் என் சட்டைப்பையும் ஒளிர்ந்தது. உள்ளே இருப்பதை எடுக்கச் சொன்னார் மேலாளர். கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்று தினமும் கத்துகிறவன் நான். திரையில் சிரிக்கும் பாப்பா, அவள் கன்னத்தின் மேல் என் உதடு அச்சாக ஒளிர்ந்தது. இப்போது யாருமே சிரிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இனி போன் வெளியே அலமாரியில்தான். அதன் கதவில் ஒட்ட பாப்பாவின் படம் ஒன்று வேண்டும். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அவள் சிரிக்காத படமாகப் பார்த்து அனுப்பு.

உன்னவன்